எங்கே பழுது என்று கேளுங்கள்

(பொறியியல் கல்லூரி ஒன்றில், முதலாம் ஆண்டு மாணவர்களின் தொடக்க விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'வெற்றிக்கான மனப்பாங்கு' என்ற தலைப்பில் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் ஊக்கமூட்டிப் பேசுவது எளிது. நீங்களும் கைதட்டுவீர்கள். ஆனால் அந்த ஊக்கம் முதல் இன்டர்னல் தேர்வு வரைக்கும்தான் தாங்கும். அதற்குப் பிறகும் உங்களோடு நிற்கக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை.

உங்களில் பெரும்பாலானோர் உங்கள் பள்ளியில் முன்வரிசை மாணவர்கள். இருநூறுக்குக் கணக்கிட்ட கட்-ஆஃப் மதிப்பெண்ணை வைத்துக் கவுன்சிலிங்கில் இந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறீர்கள். சிலர் உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். சிலர் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்கள். பலர் பன்னிரண்டு ஆண்டுகள் தமிழிலேயே படித்துவிட்டு, நாளை காலை முதல் பாடவேளையில் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் உட்காரப் போகிறவர்கள்.

முதல் செமஸ்டர் முடிவு வரும் நாளை இப்போதே நினைத்துப் பாருங்கள். தோல்வி என்பதையே அறியாமல் வளர்ந்த பிள்ளைகள் சிலர் அன்றைக்கு முதல் முறையாக ஒரு பாடத்தில் அரியர் வைத்திருப்பார்கள். வேறு சிலர் தேறியிருப்பார்கள், ஆனால் பள்ளியில் எடுத்த மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பே இல்லையே என்று திகைப்பார்கள். அந்த நாளில் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளும் முதல் வார்த்தை எது என்பதைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

நீண்ட காலம் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில், அந்த முதல் வார்த்தைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். 'எனக்கு மேத்ஸ் வராது சார்.' 'கோடிங் எனக்கு செட் ஆகாது.' 'நான் தமிழ் மீடியம், என்னால் இதற்கு மேல் முடியாது.' இது ஒரு வகை. இன்னொரு வகையும் உண்டு. 'சார் சரியாக நடத்தவில்லை.' 'கேள்வித்தாள் சிலபஸில் இல்லை.' 'பேப்பர் திருத்தியவர் சரியில்லை.' முதல் வகை பழியெல்லாம் தன் மேல் போட்டுக்கொள்கிறது. இரண்டாம் வகை எல்லாவற்றையும் மற்றவர் மேல் போட்டுவிடுகிறது. இரண்டிலும் தீர்ப்பு வந்துவிடுகிறது, விசாரணை நடப்பதே இல்லை.

நீங்கள் கற்க வந்திருக்கும் துறையோ விசாரணையில் நிற்பது. ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால், 'இது ஓடாத ஜாதி மோட்டார்' என்று எந்தப் பொறியாளரும் சொல்வதில்லை. மின்சாரம் வருகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, வைண்டிங் எரிந்திருக்கிறதா, பேரிங் இறுகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். எங்கே பழுது, ஏன் வந்தது, எதை மாற்றினால் சரியாகும் என்ற மூன்று கேள்விகள்தான் பொறியியல் அறிவின் முதுகெலும்பு. அந்த மூன்று கேள்விகளையும் உங்கள் படிப்பின் பக்கம் திருப்பக் கற்றுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி அதை விரித்துச் சொல்கிறேன்.

நிலவில் விழுந்ததும் நிலவில் நின்றதும்

2019 செப்டம்பர் 7 அதிகாலை. சந்திரயான்-2 சுமந்து சென்ற விக்ரம் என்ற தரையிறங்கு கலம் நிலவை நெருங்கிக்கொண்டிருந்தது. நாடே தொலைக்காட்சி முன்னால் விழித்திருந்தது. இறங்கும் கடைசிக் கட்டத்தில் தொடர்பு அறுந்தது. கலம் வேகமாக மோதி நொறுங்கிவிட்டது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது நேர்ந்த தோல்வி. இதைவிடப் பகிரங்கமான 'அரியர்' வேறு என்ன இருக்க முடியும்?

இஸ்ரோவின் பொறியாளர்கள் அடுத்துச் செய்ததைக் கவனியுங்கள். கலம் அனுப்பியிருந்த தகவல்களை நொடி நொடியாகப் பிரித்துப் பார்த்தார்கள். பின்னாளில் இஸ்ரோவின் தலைவரான சோமநாத் பொதுவெளியில் விளக்கிய காரணங்கள் மூன்று. ஒன்று, வேகத்தைக் குறைப்பதற்காக இருந்த ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான உந்துவிசையைக் கொடுத்தன. அதனால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. இரண்டு, சேர்ந்த பிழையைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பதற்கு மென்பொருளில் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். மூன்று, இறங்குவதற்குக் குறித்த இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். அந்தச் சிறிய கட்டத்தை எட்டிப் பிடிக்க, தரைக்கு அருகில் வந்த பிறகும் கலம் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது.

இந்த மூன்றில் எதிலாவது 'நமக்கு நிலவு வராது' என்ற வாக்கியம் இருக்கிறதா? ஒவ்வொன்றும் கை வைத்துத் திருத்தக்கூடிய காரணம். அதனால்தான் திருத்தினார்கள். இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். கால்களை வலுவாக்கினார்கள். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்கினால் தாங்கும் என்றிருந்ததை 3 மீட்டர் வேகத்தையும் தாங்கும்படி மாற்றினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். நடுவிலிருந்த ஐந்தாவது எஞ்சினை எடுத்தேவிட்டார்கள். வேகத்தை நேரடியாக அளக்க லேசர் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். கலம் எந்தப் பக்கமாகத் திரும்பி நின்றாலும் மின்சாரம் கிடைக்கும்படி சூரியத் தகடுகளை அதிகமாக்கினார்கள். எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்கும் என்ற கணக்கை விட்டு, எதெல்லாம் தவறக்கூடும், தவறினாலும் எப்படிக் காப்பாற்றுவது என்ற கணக்கில் வடிவமைத்தோம் என்று சோமநாத் விளக்கினார். 2023 ஆகஸ்ட் 23 மாலை, சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்துக்கு அருகே நின்றது.

அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர். ரயில்வேத் தொழில்நுட்ப ஊழியர் ஒருவரின் மகன். ரயில்வே பள்ளியில் படித்தவர். நேரடியாகப் பொறியியல் பட்டப்படிப்புக்குக்கூட வரவில்லை. முதலில் பாலிடெக்னிக்கில் டிப்ளமா, அதற்குப் பிறகு பி.இ., பிறகு திருச்சி என்.ஐ.டி.யில் முதுகலை, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் என்று படிப்படியாக ஏறியவர். இந்த அரங்கில் லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டுக்கு வந்திருக்கும் டிப்ளமா மாணவர்கள் யாராவது கடைசி வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தால், அவர்கள் முன்வரிசைக்கு வரலாம்.

விடைத்தாளைத் திறந்து பாருங்கள்

இதை உங்கள் படிப்புக்கு எப்படிக் கொண்டுவருவது? ஒரு பாடத்தில் தவறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் பல்கலைக்கழகங்களில் கட்டணம் கட்டினால் விடைத்தாளின் நகல் கிடைக்கும். நிறையப் பேர் அதை வாங்குகிறார்கள். எதற்கு? எங்காவது இரண்டு மதிப்பெண் கூட்டிப் போடாமல் விட்டிருக்கிறார்களா, மறுமதிப்பீட்டுக்குப் போகலாமா என்று பார்க்க. அதைப் பாருங்கள், தவறில்லை, அது உங்கள் உரிமை. ஆனால் அந்த நகலை அதோடு மூடி வைத்துவிடாதீர்கள். உங்கள் படிப்பைப் பற்றி உங்களிடம் இருக்கும் ஆகச் சிறந்த ஆவணம் அதுதான். இன்டர்னல் தேர்வுத் தாள்கள் உங்கள் கைக்கே வருகின்றன. அவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் போன ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே என்ன நடந்தது? பதில் பெரும்பாலும் ஆறு வகையில் ஒன்றாக இருக்கும். கருத்தே புரியவில்லை. புரிந்தது, ஆனால் தேர்வறையில் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தது, கணக்கில் குறியோ அலகோ தவறிப்போனது. எல்லாம் தெரியும், நேரம் போதவில்லை. கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. தெரிந்ததை ஆங்கிலத்தில் எழுத வரவில்லை.

காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் எந்த மருத்துவரும் மருந்து எழுதமாட்டார். அது டெங்குவா, டைஃபாய்டா, சாதாரணச் சளியா என்று பார்த்துத்தான் எழுதுவார். 'மேத்ஸ் வராது' என்பதும் அப்படி ஒரு பொதுப்பெயர்தான். மேலே சொன்ன ஆறு பழுதுக்கும் ஆறு வெவ்வேறு வைத்தியம் இருக்கிறது. கருத்துப் புரியாதவர் ஆசிரியரையோ நண்பரையோ தேடிப் போக வேண்டும். நேரம் போதாதவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் முழுத் தேர்வு எழுதிப் பழக வேண்டும். கணக்கில் குறி தவறுபவர் ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் அலகைச் சரிபார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் 'இனிமேல் நன்றாகப் படிப்பேன்' என்று உறுதி எடுப்பவர், அடுத்த முறையும் பழைய முறையிலேயேதான் படிப்பார், கொஞ்சம் கூடுதல் நேரம் படிப்பார், அவ்வளவுதான்.

பழுது சில நேரம் நீங்கள் தேடும் இடத்தில் இருக்காது. இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் பாடத்தில் தவறும் மாணவர்களின் தாளைப் பாருங்கள். சமன்பாடுகளைத் தீர்ப்பதில் அவர்களுக்குச் சிக்கல் இருக்காது. பொருளைத் தனியே பிரித்து, அதன் மேல் செயல்படும் விசைகளை எல்லாம் வரைந்து காட்டும் ஃப்ரீ பாடி டயகிராமில் ஒரு விசை விட்டுப்போயிருக்கும். உராய்வு விசை எந்தத் திசையில் என்பதில் குழப்பம் இருக்கும். படம் தவறினால் அதற்குப் பின் எத்தனை சமன்பாடு எழுதினாலும் பயன் இல்லை. அதேபோல, மூன்றாம் செமஸ்டரில் ஃபூரியர் தொடரில் திணறுகிறவர்களின் பழுது, பல நேரம் பிளஸ் டூவில் பாதியில் விட்டுவிட்டு வந்த தொகையீட்டில் இருக்கும். அவர் மூன்றாம் செமஸ்டர் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் பழுது அங்கே இல்லை. பழைய பள்ளிப் புத்தகத்தை எடுத்துப் பத்து நாள் உட்கார்ந்தால் வழி திறக்கும். பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டு பிளஸ் டூ புத்தகத்தைக் கையில் எடுப்பதற்குக் கூச்சப்படுகிறோமே, அந்தக் கூச்சத்தைத்தான் முதலில் விட வேண்டும்.

படித்தது போன்ற நினைப்பு

இரண்டாவது வகைப் பழுதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'படித்தேன் சார், ஹாலில் எல்லாம் மறந்துவிட்டது' என்பது. தேர்வுக்கு முந்தைய இரவு கொஸ்டின் பேங்கை எடுத்து, முக்கியமான வரிகளை மஞ்சள் மையால் பூசி, நான்கு முறை வாசித்துவிட்டுப் போகிறோம். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கிறது. ஏன் மறந்துபோகிறது?

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதை இரண்டு முறை வாசித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு முறை வாசித்துவிட்டு, தாளை மூடி வைத்து, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது இரண்டு முறை வாசித்தவர்கள் சற்று முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். திரும்ப வாசித்தவர்கள் 42 சதவீதம். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் வந்தது. திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்குத்தான் 'எனக்கு இது நன்றாக நினைவிருக்கும்' என்ற நம்பிக்கை கூடுதலாக இருந்தது.

வாசிக்கும்போது வருகிற அந்தத் 'தெரிந்தது போன்ற' உணர்வை நம்பாதீர்கள் என்பதே இதன் பாடம். புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத் தாளை எடுங்கள். ஓம் விதியில் தொடங்கிக் கிர்க்காஃப் விதி வரை நினைவிலிருந்து எழுதுங்கள். சமன்பாட்டைத் தருவித்துப் பாருங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ அங்கேதான் உங்கள் பழுது. அந்த இடத்துக்கு மட்டும் புத்தகத்தைத் திறங்கள். இப்படிப் படிப்பது கடினமாகத்தான் இருக்கும். அடிக்கடி பேனா நிற்கும், எரிச்சல் வரும். அந்த எரிச்சலைத் திறமைக் குறைவின் அடையாளம் என்று எண்ணி எழுந்து போய்விடாதீர்கள். மூளை வேலை செய்யும் நேரம் அதுதான்.

கருவி காட்டியதை எழுதுங்கள்

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்கு உறுத்தலாம். ஆனாலும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். நம் ஆய்வகங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பேட்சில் நான்கைந்து பேர் இருந்தால் ஒருவர் கருவியைத் தொடுவார். மற்றவர்கள் ரீடிங்கைக் குறித்துக்கொள்வார்கள். கிடைத்த அளவுகள் புத்தகத்து விடையோடு ஒத்துவரவில்லை என்றால், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை 'வரவழைத்து' அப்சர்வேஷன் நோட்டில் எழுதிவிடுவார்கள். ரெக்கார்டில் கிராஃப் நேர்க்கோடாக, அழகாக வந்துவிடும். கையெழுத்தும் கிடைத்துவிடும்.

அந்த அழகான கிராஃபில் உங்கள் கல்வி கொஞ்சம் செத்துப்போகிறது. விலகி நின்ற அந்த ஒரு புள்ளி, கருவியைப் பற்றியோ உங்களைப் பற்றியோ ஏதோ ஒன்றைச் சொல்ல வந்தது. அதை நீங்கள் அழித்துவிட்டீர்கள்.

பணிக்களத்தில் இந்தப் பழக்கம் உயிரைக் குடிக்கும். கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் கியூபெக் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் இரு முக்கியத் தூண்களுக்கு இடைப்பட்ட நீளத்தை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாகக் கூட்டியபோது, கூடுகிற எடைக்கு ஏற்பக் கணக்கை முறையாகத் திருத்தவில்லை. 1907 கோடையில், பாரத்தைத் தாங்கும் இரும்புப் பகுதிகள் சில வளைந்திருப்பதைக் களத்தில் இருந்தவர்கள் அளந்து பார்த்தார்கள். அளவு தெளிவாக இருந்தது. ஆனால், பொருத்துவதற்கு முன்பே அவை வளைந்திருக்கும் என்ற விளக்கம் எழுந்தது. வேலை தொடர்ந்தது. ஆகஸ்ட் 29 அன்று பாலம் ஆற்றில் சரிந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். கருவி உண்மையைத்தான் சொன்னது. அதைக் கேட்கும் மனம்தான் அங்கே இல்லை.

மனப்பாங்கு என்று நான் சொல்வது இதைத்தான். விரும்பாத அளவையும் உள்ளபடி பார்க்கிற துணிவு. ஆய்வகத்தில் ரீடிங்கைத் திருத்தி எழுதப் பழகியவர், தன் விடைத்தாளையும் உள்ளபடி பார்க்கமாட்டார். ஆய்வகத்தில் நேர்மையாக இருப்பவருக்குத் தன் குறையைப் பார்ப்பதும் எளிதாகிவிடும். இரண்டும் ஒரே பழக்கம்.

ஆங்கிலம் என்ற அச்சம்

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளிடம் தனியாக ஒரு வார்த்தை. சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கோதவாடி என்ற கிராமத்தில் பிறந்து, தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தவர். இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவன், நாகர்கோவில் பக்கத்துச் சரக்கல்விளையில் அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்தவர். இவர்களைச் சொல்வது உங்களுக்கு ஆறுதல் தருவதற்காக இல்லை. தமிழில் படித்ததால் அறிவியல் அவர்களுக்குக் குறைவாகப் புரியவில்லை என்பதைக் காட்டத்தான்.

இங்கும் பழுதைப் பிரித்துப் பாருங்கள். உங்களுக்கு இயற்பியல் தெரியவில்லையா, இயற்பியலை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லையா? இரண்டாவதுதான் என்றால் அது திருத்தக்கூடிய பழுது, அதுவும் விரைவில் திருத்தக்கூடியது. கருத்தை முதலில் தமிழில், உங்கள் வீட்டுப் பேச்சில், தடையில்லாமல் விளக்கிப் பாருங்கள். தமிழில் விளக்க முடிந்தால் கருத்து உங்களுடையது ஆகிவிட்டது. பிறகு அதையே எளிய ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியமாக எழுதுங்கள். நாள்தோறும் ஆய்வக வேலையைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி, அதை நண்பரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வைவாவில் கேட்கப்போவது அதுதான். வேலைக்கான நேர்முகத் தேர்விலும் உங்கள் ப்ராஜெக்டைப் பற்றித்தான் கேட்பார்கள். சொந்தக் கையால் செய்ததைப் பற்றிப் பேசும்போது தப்பும் தவறுமான ஆங்கிலம்கூட நிமிர்ந்து நிற்கும். இணையத்திலிருந்து எடுத்த ப்ராஜெக்டைப் பற்றிப் பேசும்போது சரளமான ஆங்கிலமும் தடுமாறும்.

தனி மனத்தால் ஆகாதது

இதுவரை சொன்னவையெல்லாம் ஒருவர் தனியாகச் செய்யக்கூடியவை. ஆனால் மனப்பாங்கு தனி ஒருவருடைய விஷயம் மட்டும்தான் என்று சொன்னால் நான் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன்.

அறிவுத்திறன் பிறப்பிலேயே முடிவாகிவிடுவதில்லை, உழைப்பால் வளரக்கூடியது என்று நம்பும் மாணவர்கள் தோல்வியிலிருந்து மீள்கிறார்கள் என்று கரோல் டுவெக் என்ற உளவியல் பேராசிரியர் நீண்ட காலமாக எழுதிவருகிறார். இந்தக் கருத்தைப் பெரிய அளவில் சோதித்த ஆய்வு ஒன்று 2019-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அதில் பங்கேற்றார்கள். மூளை வளரக்கூடியது என்று விளக்கும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பாடம் அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தரப்பட்டது. மதிப்பெண் குறைந்த மாணவர்களின் சராசரி கிரேடு 0.1 புள்ளி உயர்ந்தது. சிறிய உயர்வுதான், ஆனால் உண்மையான உயர்வு. எந்தப் பள்ளிகளில் அந்தப் பாடம் பலன் தந்தது என்பதுதான் அந்த ஆய்வில் என்னை நிறுத்திய பகுதி. சவாலான வேலையை ஏற்பதைச் சக மாணவர்களே மதிக்கிற பள்ளிகளில்தான் அது மதிப்பெண்ணாக மாறியது. கூட்டம் ஒத்துழைக்காத இடத்தில் நல்ல விதையும் முளைக்கவில்லை.

இதற்குச் சான்று தேடி அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. நம் கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அதன் வகுப்பறைகளில் ஒரு பெண் வந்து உட்கார ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1940-இல் ஏ. லலிதா அங்கே மின்பொறியியலில் சேர்ந்தார். பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டு வயதில் கைம்பெண், கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் காலத்துச் சமூகம் அப்படி ஒரு பெண்ணுக்கு மூலையில் ஓர் இடம்தான் கொடுத்திருக்கும். அவருடைய தந்தை சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் முயன்றார், அன்றைய முதல்வர் சாக்கோ துணை நின்றார், அனுமதி கிடைத்தது.

நூற்றுக்கணக்கான ஆண்கள் படித்த கல்லூரியில் ஒரே ஒரு பெண். விடுதியில் அவருக்குத் தனிமை பெரும் சுமையாக இருந்தது. அப்போது, 'நீ மன உறுதியோடு இரு' என்று அவருக்கு உபதேசம் செய்வதோடு தந்தையும் முதல்வரும் நிறுத்திக்கொள்ளவில்லை. பெண்களும் பொறியியலில் சேரலாம் என்று கல்லூரி விளம்பரம் செய்தது. லீலம்மா ஜார்ஜ், தெரசியா என்ற இரண்டு பெண்கள் கட்டடப் பொறியியலில் வந்து சேர்ந்தார்கள். லலிதா இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் ஆனார். பக்ரா நங்கல் அணையின் மின்திட்டத்தில் பணியாற்றினார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் பன்னாட்டு மாநாட்டில் கலந்துகொண்டார். தெரசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

லலிதாவின் மன உறுதி பெரியது. ஆனால் அந்த உறுதிக்கு ஒரு தந்தை, ஒரு முதல்வர், இரண்டு தோழியர் தேவைப்பட்டார்கள். உங்கள் வகுப்பிலும் மெக்கானிக்கல் பிரிவில் இரண்டு மூன்று பெண்கள் மட்டும் இருக்கலாம். கிராமத்திலிருந்து வந்த ஒருவன் யாரோடும் பேசாமல் இருக்கலாம். அவர்களுடைய மனப்பாங்கு என்னவாகும் என்பது, மற்றவர்கள் அவர்களோடு எப்படிப் பழகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சந்தேகம் கேட்பவனைப் பார்த்துச் சிரிக்கிற வகுப்பில் யாரும் தன் பழுதைக் காட்டமாட்டார்கள். காட்டாத பழுதை யாராலும் சரிசெய்ய முடியாது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் பயணம் தோற்றது. கிளம்பிய 317 நொடிகளில் எல்லாம் முடிந்து, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு மூடாமல் நின்று, அதற்கான அமிலம் கிளம்புவதற்கு முன்பே வடிந்துபோயிருந்ததாகப் பின்னர் கண்டறிந்தார்கள். திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் அன்றைக்குப் பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அடுத்த முயற்சி வென்றபோது, பத்திரிகையாளர்களிடம் பேசும்படி கலாமை அனுப்பினார் தவான். கலாம் இதை வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோல்வி நேர்ந்த நாளில் கேவலப்படுத்தாத ஒரு தலைவர் இருந்ததால்தான் அந்தக் குழுவால் வால்வு வரைக்கும் போய்ப் பழுதைத் தேட முடிந்தது. பயந்துபோன மனம் பழுதை மறைக்கத்தான் பார்க்கும். ஆகவே இன்டர்னல் தேர்வுத் தாள்களைத் திருப்பித் தரும் நாளில் ஒரு முழு வகுப்பை அதற்கென்றே ஒதுக்குங்கள். மதிப்பெண்ணை உரக்க வாசிக்க வேண்டாம். வகுப்பில் பெரும்பாலோர் எந்த இடத்தில் தவறினார்கள், ஏன் தவறினார்கள் என்று கரும்பலகையில் போட்டு அலசுங்கள். அதில் உங்கள் போதனையின் குறை ஒன்று வெளிப்பட்டால் அதையும் பலகையில் எழுதுங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள்.

பெற்றோர்களே, அரியர் என்ற செய்தியோடு பிள்ளை தொலைபேசியில் அழைக்கும் நாளில், 'பக்கத்து வீட்டுப் பையன் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டானே' என்ற பேச்சு வேண்டாம். உங்களுக்கு அந்தப் பாடத்தின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை. 'எங்கேப்பா கஷ்டமாக இருந்தது? யாரிடம் கேட்டால் தெரியும்?' என்று மட்டும் கேளுங்கள். அந்த இரண்டு கேள்வி போதும். பிள்ளை உங்களிடம் எதையும் மறைக்காது. மனம் உடைந்து தவறான முடிவை நோக்கிப் போகும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தும் வலிமை அந்தக் கேள்விகளுக்கு உண்டு. ஒரு செமஸ்டர் முடிவு எந்த உயிரைவிடவும் பெரியது அல்ல என்பதை இன்றைக்கே, இங்கிருந்து கிளம்பும் முன்பே, உங்கள் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மாணவர்களே, உங்களிடம் மூன்று செயல்களைக் கேட்டு என் உரையை முடிக்கிறேன். இந்த வாரமே நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு குழு அமையுங்கள். அதில் உங்களைவிட நன்றாகப் படிப்பவர் ஒருவரும், உங்களைவிடத் தடுமாறுபவர் ஒருவரும் இருக்கட்டும். முதல் இன்டர்னல் தாள் கைக்கு வந்ததும் அந்தக் குழுவில் எல்லோரும் தாளைத் திறந்து வையுங்கள். மதிப்பெண்ணைப் பேசாதீர்கள், தவறிய இடங்களைப் பேசுங்கள். தனியாக ஒரு நோட்டுப் போட்டு, எங்கே தவறியது, ஏன் தவறியது, அடுத்த முறை எதை மாற்றுவேன் என்று மூன்று பத்தியாக எழுதி வையுங்கள். நான்கு ஆண்டுகள் அந்த நோட்டை விடாமல் எழுதுகிறவர் வேலைக்குப் போகும்போது, பழுதைக் கண்டு பயப்படாத பொறியாளராகப் போவார். நம் ஊர்ப் பாலங்களுக்கும், மின்கம்பங்களுக்கும், மருத்துவமனைக் கருவிகளுக்கும், கோடிப் பேர் நம்பியிருக்கும் மென்பொருள்களுக்கும் அப்படிப்பட்டவர்கள்தான் தேவை. அவர்களாக நீங்கள் வளர்வீர்கள் என்று நான் நம்புகிறேன்.